காலி வீட்டின் குளியலறைக் கதவு

சாவி வெட்டிப் பிழைக்கிற சாவிக்காரர் வீட்டுக் குளியலறைக் கதவு, அவருடைய அப்பாவின் சக்கர நாற்காலியைவிட நாலு விரற்கடை ஒடுக்கம். இந்தக் கதை மொத்தமும் அந்த நாலு விரற்கடைக்குள்தான் நடக்கிறது. அதனால் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்பா லாரி ஓட்டியவர். எதிரே வருகிற வண்டியை ஹாரன் அடிக்காமல் வாயாலேயே ஒதுங்க வைத்த குரல் அவருடையது. ஒருநாள் காலையில் எழுந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. மகன் சாவிக்காரர் சக்கர நாற்காலி வாங்கினார். அது கட்டிலிலிருந்து குளியலறை வாசல்வரை ராஜா மாதிரி போகும், வாசலில் நின்றுவிடும். அங்கிருந்து சாவிக்காரர் அப்பாவை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து அப்பா டீசல் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார். வேறு சத்தம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் பேசுகிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேருக்கும் டீசல் விலையில் துளியும் அக்கறை கிடையாது.

"கதவை அகலப்படுத்திட்டா நானே போயிட்டு நானே வந்துருவேன்டா" என்றார் அப்பா. "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஒரு நாள் நிம்மதியா உட்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

கொத்தனார் வந்தார். சுவரில் காதை வைத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"அரை நாள் வேலைதான். ஆனா தொடமாட்டேன்."

"ஏங்க?"

"பழைய வீடு. அந்தக் காலத்துல சுவர் அட்டையில, கூரையில, குழாயில எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து விட்டிருப்பாங்க. சும்மா இருக்கிறவரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும். உடைச்சா தூசு. தூசு நெஞ்சுக்குள்ள போச்சுன்னா அது வெளிய வராது, ஆளைத்தான் வெளிய அனுப்பும். என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். இலாகாவுல ஆய்வு முடிச்சு, அனுமதி வாங்கிட்டுக் கூப்பிடுங்க."

கொத்தனார் மேல் தப்பில்லை. சட்டத்தின் மேலும் தப்பில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசு எமன்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் எமனைப் பிடிக்கிற பொறுப்பைக் கல்நார் ஆய்வு இலாகாவிடம் கொடுத்திருந்தார்கள். இனி எமனே வந்தாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படித்தான் சாவிக்காரரும் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தால் இலாகாவின் கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நடுவில் ஒரு விரிசல். விரிசலுக்கு நேர் கீழே பெரிய ஆய்வாளரின் மேசை. ஆய்வாளர் டீயைக் குடிப்பதற்கு முன்னால் கோப்பையின் மேல் மிதந்ததை ஊதித் தள்ளிவிட்டுக் குடித்தார். வியர்த்துக் கொட்டியது; மின்விசிறி ஓடவில்லை.

சாவிக்காரர் கூரையைப் பார்ப்பதை ஆய்வாளர் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்குறீங்க? ஆமா, கல்நார்தான். பயப்படாதீங்க. கட்டடத்தைப் புதுப்பிச்சாத்தான் ஆய்வு வேணும்னு சட்டம். நாங்க இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு ஆணிகூட அடிச்சதில்லை. அதனால சட்டப்படி இங்க ஆபத்தே கிடையாது. ஃபேன் போட்டா ஷீட் அதிரும், அதனால அதையும் போடுறதில்லை. பொதுமக்கள் உயிர் விஷயத்துல நாங்க அவ்வளவு கவனம்." சொல்லிவிட்டு இருமினார். இலாகாவில் எல்லோரும் இருமினார்கள். ஒருவர் இருமினால் மற்றவர் மரியாதைக்கு ஒரு இருமல் போடுவது அங்கே வழக்கமாகியிருந்தது.

முதல் ஆய்வுக்குப் பெரிய ஆய்வாளரும் சின்ன ஆய்வாளரும் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கையுறை, முகத்தில் இரண்டு வடிகட்டி தொங்கும் முகமூடி. இரண்டு பேரில் யார் பெரியவர் என்று தெரியவில்லை. அதிகமாகக் கை நீட்டி உத்தரவு போட்டவரைப் பெரியவர் என்று வைத்துக்கொண்டார்கள். சாவிக்காரரின் மனைவி கதவைத் திறந்தவர், ஒரு கணம் திரும்ப மூடிவிட்டார்.

"எங்களுக்கும் அந்த மாஸ்க் குடுப்பீங்களா?" என்று அப்புறம் கேட்டார் மனைவி.

"உங்களுக்குத் தேவையில்லைம்மா" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாதுகாப்பு விதி வேலை செய்றவங்களுக்குத்தான். நாங்க இங்க வேலை செய்றோம். நீங்க சும்மா வசிக்கிறீங்க."

"நானா சும்மா இருக்கேன்? விடிஞ்சதுல இருந்து உட்காரலை!"

"சம்பளம் வாங்குறீங்களா?"

மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

ஆய்வு என்றால் தோண்டிப் பார்ப்பார்கள் என்று சாவிக்காரர் நினைத்திருந்தார். அவர்கள் எதையும் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் கல்நார் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே பீரோவுக்குப் பின்னால் தெரியவில்லை, பீரோமேல் 'சந்தேகம்' என்று சிவப்புச் சீட்டு. மேல்தட்டு எட்டவில்லை, ஏணி இருந்தது, ஏணியில் ஏற ஏணி ஆய்வாளர் வேண்டும். ஏணிமேல் ஒரு சீட்டு. அரிசி டப்பாவின் அடி தெரியவில்லை என்று அதற்கும் ஒன்று. கடைசியில் அப்பாவின் கட்டிலுக்கு வந்தார்கள்.

"கட்டிலுக்குக் கீழே தரை எப்படி இருக்குன்னு பார்க்கணும். பெரியவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்க."

"அவரால முடியாதுங்க."

ஆய்வாளர்கள் முகமூடியோடு முகமூடி சேர்த்துக் கலந்து பேசினார்கள். பிறகு சின்னவர் கட்டில் சட்டத்தில் ஒரு சீட்டை ஒட்டினார். அது கட்டிலில் நிற்காமல் நழுவி அப்பாவின் போர்வைமேல் ஒட்டிக்கொண்டது. 'நகர்த்தக் கூடாது.'

அப்பா தலையைத் தூக்கிப் படித்துப் பார்த்தார். "என்னைப் பார்த்த டாக்டரும் இதேதான் சொன்னாரு. இவங்க ஃபீஸ் கம்மி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சாவிக்காரர் மட்டும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டாம் ஆய்வில்தான் குளியலறைச் சுவரிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாம். அதற்கு வீடு காலியாக இருக்க வேண்டும்.

"காலின்னா எப்படிங்க? நாங்க மூணு பேரும் கொஞ்ச நேரம் வெளிய நிக்கலாமா?"

"நிக்கலாம். ஆனா உள்ள ஒரு உயிர் இருக்கக் கூடாது" என்றார் பெரிய ஆய்வாளர். "மனுஷன் இருக்கிற வீட்டுல சுவரை வெட்டினா மனுஷனுக்கு ஆபத்து. எங்களுக்கு மனுஷன்தான் முக்கியம். மனுஷன் இல்லாத வீடாப் பார்த்துத்தான் காப்பாத்துவோம்."

சாவிக்காரர் யோசித்தார். அப்பாவை வாசலுக்குத் தூக்கி வந்து தெருவில் உட்காரவைக்கலாம். அக்கா வீடும் பக்கத்துத் தெருதான். அங்கே கொண்டுபோய் விடலாம். வாசற்படியில் சக்கர நாற்காலி இறங்காது; எதைச் செய்தாலும் பட்டப்பகலில் அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். டீக்கடைக்காரர் பார்ப்பார். சாவி வெட்ட வருகிறவர்கள் பார்ப்பார்கள். அப்பா படுத்த நாளிலிருந்து தெருப்பக்க ஜன்னலைச் சாவிக்காரர் சாத்தியே வைத்திருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா அக்கா வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். லாரியை ஒரு கையால் திருப்பிய மனுஷன், இப்படி நாலு பேர் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

"அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார் மனைவியிடம்.

"அவரு சொன்னாரா?"

"சொல்லணுமாக்கும்?"

மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வீடு காலி என்று சாவிக்காரர் கையெழுத்துப் போட்டார். ஆய்வு நாளன்று காலையில் அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய், சமையலறைக்குப் பின்னால் மூட்டைகள் வைக்கிற சந்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு மூட்டையை முட்டுக் கொடுத்து, மூக்கில் ஈரத்துண்டைக் கட்டி, திரையை இழுத்துவிட்டார்.

"சத்தம் மட்டும் போடாதீங்கப்பா. கொஞ்ச நேரந்தான்."

"நான் ஏன்டா சத்தம் போடப்போறேன்?" என்றார் அப்பா துண்டுக்குள்ளிருந்து. பிறகு, "அவசரம் வந்தா?" என்று கேட்டார்.

சாவிக்காரர் காதில் விழாத மாதிரி வந்துவிட்டார்.

அவரும் மனைவியும் வாசலில் நின்றார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் உள்ளே போனார்கள். சுவரைத் தொடுவதற்கு முன் இலாகாவுக்கு ஒரு சடங்கு உண்டு. ஒவ்வோர் அறையிலும் நின்று, "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று உரக்கக் கேட்க வேண்டும், வந்த பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் அறையிலேயே வேலை நின்றுபோயிற்று. சாத்தியிருந்த ஜன்னல் வழியாக எல்லாம் தெருவுக்குக் கேட்டது.

"சார், பதில் வரலையே."

"யாரும் இல்லைன்னா எப்படிய்யா பதில் வரும்?"

"அதான் சார், பதில்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விடக் கூடாதுன்னு போன மாசம்தானே சுற்றறிக்கை வந்துச்சு? காலியா விட்டவருக்கு மெமோ குடுத்தாங்களே."

பெரிய ஆய்வாளருக்கு அது நினைவு வந்தது. மெமோ வாங்கியவர் அவர்தான்.

"சரி, திரும்பக் கேளு."

கேட்டார்கள். அடுத்த அறையில் கேட்டார்கள். சமையலறையில் வந்து நின்று கேட்டார்கள். முகமூடிக்குள்ளிருந்து கேட்பதால் கேட்காமல் போயிருக்கலாம் என்று ஒருவர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார். இருவரும் சேர்ந்து கேட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. சுவரில் இன்னும் ஓர் உளிகூடப் படவில்லை. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து, யாரைத் தேடுகிறார்கள் என்று சாவிக்காரரிடம் விசாரித்தார்கள். "தெரியலைங்க" என்றார் சாவிக்காரர்.

"தயவுசெஞ்சு யாராவது பதில் சொல்லுங்க!" உள்ளே சின்ன ஆய்வாளரின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "யாராவது இருக்கீங்களா?"

அப்போது சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து, மலைப்பாதையில் லாரிகளை ஒதுக்கிய அந்தக் குரல், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொல்லிற்று:

"யாரும் இல்லீங்க!"

"பதில் வந்துருச்சு சார்!"

"அப்பாடா. எழுது. 'யாரும் இல்லை.'"

உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாவிக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் அவரை ஒரு தரம் பார்த்தார், சாத்திய ஜன்னலை ஒரு தரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தாலாவது ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

ஆய்வாளர்கள் கிளம்பியதும் சாவிக்காரர் உள்ளே ஓடித் திரையை விலக்கினார். அப்பா மூக்கில் துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். உடுத்தியிருந்த துணி நனைந்து, முக்காலியிலிருந்து சொட்டித் தரையில் ஓடியிருந்தது.

"கூப்பிடலாம்னுதான்டா பார்த்தேன்" என்றார் அப்பா, மகன் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம், யாரும் இல்லைன்னு சொல்லிட்டோமேன்னு பேசாம இருந்துட்டேன்."

மனைவி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். சாவிக்காரர் துணியை மாற்றினார். அன்றைக்கு யாரும் டீசல் விலையைப் பற்றிப் பேசவில்லை.

சோதனை முடிவு வந்தது. சுவரில் கல்நார் இல்லை. துளிகூட இல்லை. சாவிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே உறையில் இரண்டாவது தாளும் இருந்தது. 'வீட்டில் வசிப்போர் எவரும் இலர் என்பது நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளது. பயன்படுத்துவோர் இல்லாத குளியலறைக்குக் கதவை அகலப்படுத்தும் தேவை எழவில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது.'

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். சாவிக்காரர் இலாகாவுக்கு ஓடினார்.

"ஆளுங்க இருக்கோம்ங்க! நான் இருக்கேன், வீட்டுக்காரி இருக்கா, எங்கப்பா இருக்காரு. அவருக்காகத்தானே கதவே!"

பெரிய ஆய்வாளர் கோப்பையை ஊதினார். "இருக்கீங்கன்னு நீங்க சொல்றீங்க. இல்லைன்னு வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தர் சொல்லியிருக்காரு. வெளிய நின்ன உங்களைவிட உள்ள இருந்தவருக்குத்தானே நல்லாத் தெரியும்? நாங்க யாரை நம்புறது?"

"அந்த உள்ள இருந்தவர்தாங்க எங்கப்பா!"

சொன்ன பிறகுதான் சாவிக்காரருக்கு நாக்கு எங்கே போய் விழுந்தது என்று புரிந்தது. ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அன்னைக்கு வீடு காலி இல்லை. யாரோ பொய் சொல்லியிருக்காங்க. இது முக்கியம். விண்ணப்பதாரர் பொய் சொல்லியிருந்தா, அந்த வீட்டுல இனி ஆயுசுக்கும் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. வேற யாராவது சொல்லியிருந்தா, நேர்ல வரச்சொல்லிக் கண்டிச்சுட்டு அனுமதி குடுத்துருவோம். உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க. யார் சொன்ன பொய்னு அவர் வாயால கேட்டுக்குறோம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார் சாவிக்காரர். சொல்லிவிட்டு, "தெருவெல்லாம் பார்க்கும்ப்பா. இருட்டினப்புறம் போலாம்னா ஆபீஸ் இருக்காது. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னா விட்டுருவோம்" என்றார்.

அப்பா தலையைத் தூக்கினார்.

"என்னை யாரும் பார்க்கக் கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்?"

சாவிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நீ ஜன்னலைச் சாத்தின நாள்ல இருந்து நானும் பார்க்குறேன். உனக்குச் சங்கடமா இருக்கேன்னு நான்தான் பேசாம இருந்தேன்" என்றார் அப்பா. கோபமே இல்லாமல் சொன்னார். "சரி விடு. தூக்கு. லேட்டானா மூடிருவாங்க."

தூக்கினார். இலாகா வாசலில் படி, உள்ளே நடை ஒடுக்கம், நாற்காலி போகாது. தெருவில் டீக்கடைக்காரர் எழுந்து ஓடிவந்தார். "என்ன மாமா, எத்தனை நாளாச்சு பார்த்து! மக வீட்டுல நல்லாப் பார்த்துக்கிட்டாங்களா?"

"ராஜா மாதிரி!" என்றார் அப்பா, மகன் கையில் இருந்தபடியே. டீக்கடைக்காரர் ஊற்ற ஊற்ற, டீயை அங்கேயே குடித்தார். பழக்கடைக்காரர் வந்தார், அவருக்கு லாரிக் கதை ஒன்று. அப்பாவின் முகம் இத்தனை மாதத்தில் இப்படி மலர்ந்து மகன் பார்க்கவில்லை. மகனுக்குக் கை கடுத்தது. அப்பா நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்றார்.

இலாகாவில் பெரிய ஆய்வாளர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "தூக்கிட்டு வர்றதெல்லாம் பக்கத்து கவுண்டர். அங்கதான் சோதனைக்கு மாதிரித் துண்டு வாங்குவாங்க" என்றவர், அப்புறம்தான் அது ஆள் என்று கவனித்தார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. சாவிக்காரர் அப்பாவைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கு யாரும் இல்லைன்னு சொன்னது நீங்கதானா பெரியவரே?"

"நான்தாங்க."

"உங்க பையன் உங்களை உள்ள ஒளிச்சு வச்சாரா?"

சாவிக்காரரின் கையில் அப்பாவின் உடம்பு கனத்தது. அப்பா யோசிக்கவே இல்லை.

"சேச்சே. அவன் என்னை முந்தின நாளே எம்மக வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டான். நான்தான் அடம்பிடிச்சு, ஒரு வண்டிக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிட்டு வரச்சொல்லி, பின்பக்கமா வந்து உட்கார்ந்துக்கிட்டேன். பையனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா திட்டுவான்னு பயந்துதான் இல்லைன்னு சொன்னேன்."

பெரிய ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். கண்டிப்பது அவருக்குப் பிடித்த வேலை, தொண்டையைச் செருமிக்கொண்டார். இலாகாவே திரும்பிப் பார்த்தது.

"இந்த வயசுல பொய் சொல்றீங்களே, வெட்கமா இல்லை? உங்களால எத்தனை பேருக்கு அலைச்சல்! உடம்புல ஒண்ணும் இல்லை, பிடிவாதம் மட்டும் போகலை. உங்க பிள்ளையைப் பாருங்க. உங்களைச் சுமந்துக்கிட்டு நிக்கிறாரு, முகத்துல ஒரு சுளிப்பு இருக்கா? இப்படி ஒரு பிள்ளை கிடைக்க நீங்க புண்ணியம் பண்ணியிருக்கணும். அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"மன்னிச்சுக்கடா" என்றார் அப்பா.

சாவிக்காரர் வாயைத் திறந்தார். ஆய்வாளர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அனுமதித் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்.

"பரவாயில்லப்பா" என்றார் சாவிக்காரர்.

முத்திரை விழுந்தது.